சிக்னே கப்பலில் ஓர் ஆள் குறைகிறது

கப்பல் மூன்று மணிக்குக் கிளம்புகிறது. எல்னா படியேறி வந்து நின்றபோது மணி பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

மரியஹாம்ன் நகரின் மேற்குத் துறைமுகத்தை ஒட்டிய தெருவில், ரொட்டிக்கடைக்கு மேலே இருந்தது தோர்ஸ்டன் லிண்டெமனின் துப்பறியும் அலுவலகம். ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், ஒரு சுவர் முழுக்கக் கடற்பயணப் புத்தகங்கள். அந்தப் புத்தகங்களில் தென்கடல் புயல்களையெல்லாம் பக்கம் பக்கமாகக் கடந்திருந்த தோர்ஸ்டன், நாற்பத்து நான்கு வயதுவரை ஸ்டாக்ஹோம் போகும் நீராவிக் கப்பலைத் தவிர வேறெதிலும் பயணம் செய்ததில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் 'சிக்னே'யின் நான்கு பாய்மரங்களும் கூரைகளுக்கு மேல் தெரியும். ஒவ்வொரு செப்டம்பரிலும் அவை அங்கே நிற்கும். பிறகு ஒரு நாள் வெறும் வானம் மட்டும் இருக்கும். அன்று மாலை அவர் ஜன்னலை மூடிவிடுவார்.

உதவியாளர் கெர்டா வந்தவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கெர்டா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். பாதிரியாரும் கறிக்கடைக்காரரும் பேசிக்கொண்டிருந்ததை ஒட்டுக்கேட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டதால் வேலை போய், ஆறு வருடங்களாக இங்கே இருக்கிறாள்.

எல்னா உட்காரவில்லை. விடுதி ஒன்றில் சமையல் வேலை. கையில் மாவு காயவில்லை. தம்பி ஈவாருக்குப் பதினேழு வயது. ஃபோக்லோ தீவிலிருந்து மூன்று வருடமாகக் கப்பல் கப்பலாக ஏறி இறங்கிக் கேட்டு, இந்த வருடம்தான் சிக்னேயில் எடுபிடிப் பையனாக இடம் கிடைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குக் கோதுமை ஏற்றப் போகும் கப்பல், திரும்பி வர ஒரு வருடம் ஆகும். நேற்று மத்தியானம் பெட்டியோடு ஏறியவனைக் காலையில் பெயர் கூப்பிட்டபோது காணோம். மூன்று மணிக்குள் அவன் வராவிட்டால், துறைமுகத்தில் தன் பெட்டிமேல் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கும் டென்மார்க்காரப் பையனை ஏற்றிக்கொள்ளப் போவதாகக் கேப்டன் சொல்லிவிட்டார்.

"போலீஸ் என்ன சொன்னாங்க?" என்றாள் கெர்டா.

கப்பல் கிளம்பும் அன்று பயந்து ஓடும் பையன்கள் வருடத்துக்கு நாலு பேராவது இருப்பார்கள், பசித்தால் வீட்டுக்கு வருவார்கள் என்று சொன்னார்களாம். எல்னா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் பயந்து ஓடுறவன் இல்ல சார். அதான் எனக்குப் பயமா இருக்கு. உசுரோட இருக்கானான்னு பாத்துச் சொல்லுங்க. இருந்தா மூணு மணிக்குள்ள சொல்லுங்க. இந்தக் கப்பல் போயிட்டா அவன் இருந்தும் இல்லாத மாதிரிதான்."

தோர்ஸ்டன் தொப்பியை எடுத்தார்.

சிக்னேயின் ஏறுபலகை செங்குத்தாக நின்றது. தன் பாவாடையைத் தைத்தவன் கப்பலைப் பார்த்ததே இல்லை என்று முனகிக்கொண்டு கெர்டா ஏறினாள். மேலே கேப்டன் ரூஸ், கப்பலைப் போலவே ஒடுங்கி உயர்ந்த மனிதர், ஒரு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேடுவதற்குத் தடையில்லை, ஆனால் காற்று யாருக்காகவும் காத்திருக்காது என்று சொல்லிவிட்டு அவர்களை மறந்துபோனார்.

முன்பக்கத்தில் மாலுமிகள் தூங்கும் அறை தார், ஈரக் கம்பளி, காப்பி மூன்றும் கலந்து மணத்தது. ஈவாரின் பெட்டி, கீழ்வரிசையில் அவனுக்கு ஒதுக்கிய படுக்கைப் பலகைக்குக் கீழே இருந்தது. பலகை வெறுமையாகக் கிடந்தது. பெட்டிக்குள் கம்பளிக் காலுறைகள், எண்ணெய்ச் சட்டை, உறையோடு கத்தி, ஊசி நூல், எல்னா பின்னிய இரண்டு கழுத்துத் துணிகள். சாப்பிடும் குவளை இல்லை. ரொட்டித் துணி விரித்துக் கிடந்தது, கறுப்பு ரொட்டி இல்லை.

மூடியின் உட்புறத்தில் ஒரு கப்பல் இருந்தது. தீவுப் பையன்கள் எல்லோரும் முதல் பயணத்துக்கு முன் அப்படி வரைவார்கள். இது மோசமில்லை. அலைகள் கொஞ்சம் முட்டைக்கோஸ் மாதிரி இருந்தாலும், கயிறுகள் ஒவ்வொன்றும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. தோர்ஸ்டன் மனத்துக்குள் எண்ணிப் பார்த்தார். ஒன்றுகூடக் குறையவில்லை.

கெர்டா குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இந்தக் கப்பலுக்கு எதிர்ல எவன் வந்தாலும் தொலைஞ்சான் சார்."

"ஏன்?"

"ஏனா? விளக்கைப் பாருங்க. இடப்பக்கம் பச்சை, வலப்பக்கம் சிவப்பு. மாத்திப் போட்டிருக்கான். இந்த ஊர்ல தொட்டில்ல கிடக்கிற குழந்தைகூட இந்தத் தப்பைப் பண்ணாது."

தோர்ஸ்டன் பார்த்தார். கப்பலின் இரு பக்கமும் இரண்டு பொட்டுகள். இரண்டும் ஆறிய காப்பியின் நிறத்தில் இருந்தன.

ஆறு வருடங்களில் அவருடைய அறிக்கை எதிலும் நிறம் என்ற ஒன்று வந்ததே இல்லை. "சட்டை புதியது, முழங்கையில் கிழிசல்" என்றுதான் எழுதுவார். அது அவருடைய நடை என்று கெர்டா நினைத்திருந்தாள்.

மேல்வரிசைப் படுக்கையிலிருந்து ஆர்னே என்ற மாலுமி இறங்கி வந்தான். நேற்று நடந்ததை முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஈவார் பெருமையாகப் பெட்டியைத் திறந்தானாம். எல்லோரும் விளக்கைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்களாம். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவே இல்லை. ஒருவன் விளையாட்டாக ஒரு சிவப்புக் கைக்குட்டையையும் ஒரு பச்சைக் கைக்குட்டையையும் அவன் முன்னே ஆட்டி, எது எது என்று கேட்டான். அப்போதுதான் அறை அமைதியானது. ஈவாருக்கே அதுவரை தெரியாதாம்.

"அப்ப டாக்டர் எப்படிச் சான்றிதழ் குடுத்தார்? கம்பளி நூலைக் கலந்து போட்டுப் பிரிக்கச் சொல்வாங்களே" என்று கேட்டாள் கெர்டா.

நூல் பெட்டியைப் பூச்சி அரித்துவிட்டதாம். அதனால் டாக்டர் வாயால் கேட்டார், இடப்பக்க விளக்கு என்ன நிறம் என்று. சிவப்பு என்றான். தீவில் பிறந்தவன் வேறென்ன சொல்வான்? கையெழுத்துப் போட்டுவிட்டார். கைக்குட்டை விஷயம் துணை அதிகாரியின் காதுக்கு எட்டியதும், காலை பத்து மணிக்கு மாலுமிப் பள்ளியிலிருந்து புது நூல் வரவழைத்து மறுபடி சோதிப்போம் என்றார். பத்து மணிக்குப் பையன் இல்லை. ஆர்னேயின் சிரிப்பு அதற்குள் போய்விட்டிருந்தது. நாங்கள் விளையாட்டுக்குத்தான் செய்தோம் என்று இரண்டு முறை சொன்னான்.

தோர்ஸ்டன் பெட்டியை மூடினார். அவன் எங்கே போயிருப்பான் என்று தனக்குத் தெரியும் என்றார். ஏறுபலகைக் காவலாளியை விசாரிக்கும்படி கெர்டாவிடம் சொல்லிவிட்டு, தான் தனியாகப் போவதாகச் சொன்னார்.

"எப்படித் தெரியும்னு சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"வழக்கமா அரை மணி நேரம் சொல்வீங்களே" என்றாள் கெர்டா. அவர் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தார்.

துறைமுகத்தின் தெற்கே, குளிக்கும் துறையையும் தாண்டிப் போனால் பைன் மரங்கள் முடிகிற இடத்தில் ஒரு வழுக்குப் பாறை நீருக்குள் இறங்குகிறது. அங்கிருந்து பார்த்தால் வெளியே போகும் கப்பல்கள் தெரியும், கப்பலில் இருப்பவர்களுக்கு நாம் தெரிய மாட்டோம். இருபத்தேழு வருடங்களுக்கு முன் ஒரு செப்டம்பரில் தோர்ஸ்டன் அங்கே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். அவருடைய டாக்டரின் நூலைப் பூச்சி அரித்திருக்கவில்லை. வெளிர்ப் பச்சை நூல்கண்டு ஒன்றைக் கொடுத்து, இதே மாதிரி உள்ளதையெல்லாம் எடு என்றார். பதினேழு வயதுத் தோர்ஸ்டன் கவனமாக, நிதானமாக, சாம்பலையும் வைக்கோல் நிறத்தையும் எடுத்து அடுக்கினான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தபோது திரும்பிப் பார்த்து அவனும் சிரித்தான், ஏதோ வேடிக்கை நடக்கிறது என்று. அந்தச் சிரிப்பை நினைத்தால் அவருக்கு இன்றும் முகம் சுட்டது.

பாறையில் யாரும் இல்லை.

மரங்களுக்குள் போய்ப் பார்த்தார். மிதிபட்ட புல் இல்லை, ரொட்டித் துணுக்கு இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயரை இதுவரை ஒருமுறைகூட உரக்கச் சொன்னதில்லை என்பதால் அது தன் குரலாகவே தோன்றவில்லை. பிறகு பாறையின் விளிம்புக்குப் போய், வேறு வழியில்லாமல், தண்ணீருக்குள் பார்த்தார். பாசி அசைந்தது. ஒரு மீன் குஞ்சுக் கூட்டம் ஒரே உடம்பாகத் திரும்பியது. அதைத் தவிர எதுவும் இல்லை. மணி ஒன்றே முக்கால்.

அவர் உட்கார்ந்துவிட்டார். அன்று உட்கார்ந்த அதே இடம்தான், குளிர்கூட அதேதான். அன்று தன்னைத் தேடிக்கொண்டு யாரும் வரவில்லை என்பதை இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் கவனித்தார்.

மூச்சிரைக்கும் சத்தம் முதலில் வந்தது, பின்னால் கெர்டா வந்தாள். கையில் ஒரு ஷூ. இன்னொன்று காலில் இருந்தது.

"சார், நீங்க இங்க உக்காந்து கடலை ரசிக்கிறது நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். கப்பல்ல ஏறுற மாலுமி மெத்தையை அவனேதானே கொண்டு வரணும்?"

ஆமாம் என்றார். வைக்கோல் அடைத்த கோணி மெத்தை. கப்பலில் யாரும் தர மாட்டார்கள்.

"ஈவாரும் கொண்டு வந்தான். ஆர்னே பாத்திருக்கான். ஆனா அவன் படுக்கைல வெறும் பலகைதான் இருந்துச்சு. குவளை இல்ல, ரொட்டி இல்ல. மனசு உடைஞ்சு ஓடுறவன் ரொட்டியை எடுத்துப்பான், சரி. வைக்கோல் மெத்தையைத் தலைல வெச்சுக்கிட்டா சார் சாகப் போவான்?"

தோர்ஸ்டன் மெல்ல எழுந்தார்.

காவலாளியைக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். நேற்று மாலையிலிருந்து அந்தப் பலகையில் ஏறியவை இரண்டு பன்றிகள், பயணத்துக்குக் கறிக்காக. குடித்துவிட்டுத் திரும்பிய பதினோரு பேர். மெத்தையோடு இறங்கியவன் ஒருவனும் இல்லை. கப்பலில் தேடினார்களா என்றால், தேடினார்களாம், பெயர் சொல்லிக் கூப்பிட்டு.

"கூப்பிட்டா வர்றவன் எதுக்கு ஒளியப் போறான்?" என்றாள் கெர்டா, ஷூவை மாட்டிக்கொண்டே. "அவன் கப்பலை விட்டு ஓடல சார். கப்பலுக்குள்ளயே ஓடியிருக்கான்."

தோர்ஸ்டனுக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மெத்தை இல்லாததைத் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். ஆனால் அந்த இரண்டு பொட்டுகளைப் பார்த்த பிறகு அவர் ஈவாரைத் தேடவில்லை. வேறு யாரையோ தேடிக்கொண்டு இந்தப் பாறைவரை வந்திருக்கிறார். அந்தப் பையனிடம் டாக்டர் கையெழுத்திட்ட காகிதம் இருந்தது. காகிதம் இருப்பவன் எதற்காகக் கரைக்கு வருவான்? கப்பல் கிளம்பும்வரை யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும்.

"எங்க ஒளிஞ்சிருப்பான்? அவ்ளோ பெரிய கப்பல்" என்றாள் கெர்டா.

இந்தக் கேள்விக்கு அவருடைய புத்தகங்களில் பதில் இருந்தது. வடகடலின் இலையுதிர்காலக் காற்றுக்குக் கப்பல் பாய்மரங்களில் தடித்த புதுப் பாய்களைக் கட்டிக்கொண்டு போகும். நைந்துபோன பழைய பாய்கள், புதியவற்றை மிச்சம் பிடிப்பதற்காக எடுத்துவைக்கப்படும். வெயில் கடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவற்றை மாற்றிக் கட்டுவார்கள். அதுவரை நாலைந்து வாரத்துக்கு யாரும் தொடாத பொருள் அந்தக் கப்பலில் ஒன்றே ஒன்றுதான்.

பாய்க் கிடங்கின் சிறு கதவைத் திறந்தபோது மணி இரண்டு இருபது. கெர்டாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தோர்ஸ்டன் மட்டும் குனிந்து உள்ளே போனார். சுருட்டிய பாய்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பின்னால், வைக்கோல் மெத்தைமேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான்.

"மூணு மணி ஆயிடுச்சா?" என்று கேட்டான்.

"இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அழவில்லை. கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே வழிகாட்டிக் கொண்டுபோகும் பைலட் இறங்கிய பிறகு வெளியே வரலாம் என்று இருந்தானாம். கேப்டன் அடித்தாலும் அடிப்பார், திரும்பிக் கொண்டுவந்து விட மாட்டார். தோர்ஸ்டன் ஒரு பாய்ச் சுருள்மேல் உட்கார்ந்து, எல்னா அனுப்பித்தான் வந்ததாகச் சொன்னார்.

"ஒரு நாள் ராத்திரி முன்னாடி காவலுக்கு உன்னை நிறுத்துவாங்க. எதிர்ல ஒரு கப்பல் விளக்கு வரும். என்ன நிறம்னு நீதான் கத்தணும். என்ன கத்துவே?"

"கத்துக்குவேன்."

"இது கத்துக்கிட்டு வராது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெளியே கெர்டா யாரிடமோ பன்றிகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். தோர்ஸ்டன் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். காப்பி ஆறிப்போன மாதிரி. ஒண்ணு கொஞ்சம் இருட்டா இருக்கும், அதை வெச்சுச் சமாளிச்சிடலாம்னு தோணும். மழை பெய்ஞ்சா அதுவும் போயிடும்."

ஈவார் நிமிர்ந்து அவரை முதல்முறையாக நேராகப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"நீங்க என்ன பண்ணீங்க?" என்றான்.

"வீட்டுக்குப் போயிட்டேன்."

அதைச் சொல்வதற்கு இருபத்தேழு வருடங்கள் ஆகியிருந்தன. சொன்னபோது மூன்று வார்த்தைகூட இல்லை.

இருவரும் வெளியே வந்தபோது விஷயம் தளம் முழுக்கப் பரவியிருந்தது. கேப்டன் ரூஸ் கோபப்படவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. நிறம் தெரியாத ஒருவனைக் காவலுக்கு நிறுத்தி, தூங்கும் இருபத்தாறு பேரை அவன் கண்ணை நம்பி விட முடியாது, பெட்டியை இறக்குங்கள் என்றார். கரையில் எல்னா நிற்பது தெரிந்தது. தம்பியைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஈவார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தோர்ஸ்டன் தன் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தார். பையன் உயிரோடு இருக்கிறான், மூன்று மணிக்குள் சொல்லியாகிவிட்டது. ஆனால் கால்கள் நகரவில்லை. இங்கே ஏதாவது வழி இருக்கிறதா என்று கேப்டனைக் கேட்டார். ராத்திரிக் காவல் இல்லாத வேலை ஏதாவது. கேட்கும்போது தன் குரல் ஒரு பையனின் குரல் போலக் கெஞ்சுவது அவருக்கே கேட்டது.

கேப்டன் வாயைத் திறக்கும் முன், பாய்க் கிடங்கின் வாசலிலிருந்து ஓர் எரிச்சல் குரல் வந்தது. பாய் தைக்கும் வில்லே, உள்ளங்கையில் தோல் பட்டையோடு, கலைந்து கிடந்த தன் சுருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார்ரா இதை மடிச்சது?"

மேலே கிடந்த ஒரு பாயைக் காட்டினார். மற்றவை அலங்கோலமாகக் கிடக்க, அது மட்டும் ஓரம் ஓரத்தோடு சேர்ந்து, கிழிசல் வெளியே தெரியும்படி மடித்து வைக்கப்பட்டிருந்தது. தான்தான் என்றான் ஈவார். இருட்டில் செய்வதற்கு வேறொன்றும் இல்லை. கிழிந்ததைத் தனியாக எடுத்து வைத்தால் தைக்கிறவருக்குத் தேட வேண்டியிருக்காது என்று நினைத்தானாம்.

வில்லே கேப்டனிடம் திரும்பினார். "மூணு பயணமா ஒரு கையாள் கேக்கறேன். எனக்கு இவனைக் குடுங்க. நாங்க பகலாளுங்க, எங்களுக்கு ஏது காவலு? ராத்திரி பூரா குறட்டைதானே விடறோம்."

கேப்டன் இரண்டு கடிகாரங்களையும் பார்த்தார். பாய் தைக்கிறவனும் தச்சனும் பகலில் வேலை செய்வார்கள், ராத்திரிக் காவலும் சுக்கானும் அவர்களுக்குக் கிடையாது. அது உண்மைதான். ஆனால் பையன் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும் என்றார். இவன் எந்நாளும் அதிகாரி ஆக முடியாது, கேப்டன் ஆக முடியாது, எத்தனை வருடம் போனாலும்...

"சரி" என்றான் ஈவார், அவர் முடிப்பதற்குள்.

காகிதத்தைத் திருத்தி எழுதப் பத்து நிமிடம் ஆயிற்று. எடுபிடி இடம் காலியானதால் டென்மார்க்காரப் பையனையும் கூப்பிட்டார்கள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த வேகத்தைப் பார்த்து, இவனுக்குக் கப்பலே தேவையில்லை, இப்படியே ஓடினால் ஆஸ்திரேலியா போய்விடுவான் என்றாள் கெர்டா. எல்னா மேலே ஓடிவந்து தம்பியின் காதைப் பிடித்துத் திருகினாள். பிறகு அதே காதைத் தடவிக் கொடுத்தாள்.

தோர்ஸ்டன் மட்டும் பாய்க் கிடங்கின் வாசலில் நின்றார்.

"இந்தப் பகலாள் வழக்கம் இப்ப வந்ததா?" என்று கேட்டார்.

வில்லே நூலில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். "கப்பல்ல பாய் கட்டின நாள்லேருந்து இருக்கு."

"இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழுலயும்?"

கடலில் அப்போதும் தண்ணீர் இருந்ததா என்று கேட்டவரைப் பார்ப்பது போல வில்லே அவரைப் பார்த்தார். "ஏழுல நான் கையாளா இருந்தேன். என்கூட இன்னொருத்தன் இருந்தான். ராத்திரி ஆனா சுவர்ல முட்டிக்குவான், அவ்ளோ நல்ல கண்ணு. ரொம்ப நல்லாத் தைப்பான். நாலு தடவை கேப் ஹார்ன் முனையைச் சுத்தினான்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றார் தோர்ஸ்டன்.

மூன்று மணிக்கு இழுவைக் கப்பல் கயிற்றை இறுக்கியது. சிக்னே முதலில் நகராதது போல இருந்தது, பிறகு கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஒரு முழம் தண்ணீர் தெரிந்தது. ஈவார் கைப்பிடிச் சுவரோரம் நின்று கையசைத்தான், ஒரு நிமிடத்துக்குள் வில்லே அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார். எல்னா அவன் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும் என்றாள், யாரும் கேட்காமலேயே. இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போனாள்.

துறைமுகம் காலியானது. தோர்ஸ்டன் நகரவில்லை. அன்றைக்கு அந்த டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்து, நூறு அடி நடந்து, யாராவது ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவர் எதிர்த்திசையில் பாறைக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். தள்ளிப் பார்க்கவே இல்லை.

"சார், குளிருது. இந்தக் கேஸை நான்தான் முடிச்சேன், ஞாபகம் இருக்கட்டும். ரொட்டிக்கடைல ஒரு இலவங்கப்பட்டை பன்னாவது வாங்கிக் குடுங்க" என்றாள் கெர்டா.

அவர் துறைமுக வாயின் திருப்பத்தில் சிறிதாகிக்கொண்டிருந்த கப்பல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெர்டா. அந்த இழுவைக் கப்பலோட புகைபோக்கி என்ன நிறம்?"

கெர்டா வழக்கம்போல ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். ஆறு வருட அறிக்கைகள் ஒவ்வொன்றாக அவள் மனத்தில் புரள்வது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு, கண்ணுக்குமேல் கையை வைத்து நன்றாகப் பார்த்தாள்.

"சிவப்பு" என்றாள். "மழைல காத்துல அடிபட்ட சிவப்பு. மேல ஒரு கறுப்புப் பட்டை."

அவர் தலையாட்டினார். இருவரும் ஊருக்குள் நடந்தார்கள். சுங்க அலுவலகம் தாண்டும்போது, அவர் கேட்காமலேயே, அந்தக் கதவு பச்சை என்றாள். அடுத்த வீடு வெளியே சிவப்பு, ஜன்னல் சட்டம் வெள்ளை. சந்தையிலிருந்து வரும் கிழவியின் கூடையில் பாதிப் பழம் பழுத்திருக்கிறது, பாதி காய், ஏமாற்றித்தான் விற்றிருக்கிறார்கள். குரலைத் தாழ்த்தாமல், கேலி செய்யாமல், டெலிபோனில் எண் சொல்வது போல வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். லிண்டன் மரங்கள் இரு பக்கமும் இலையுதிர்த்த தெரு வந்தது.

"இது மஞ்சள்..."

"மஞ்சள் எனக்கே தெரியும்" என்றார் தோர்ஸ்டன்.